முகம் வராது

அக்டோபர் 6, திங்கள்

காலையிலிருந்து மேகம். ஒரு சொட்டு விழவில்லை. புழுக்கம்.

தினமும் ஏதாவது எழுதுங்கள் என்று குமரேசன் சார் சொல்லிவிட்டார். “யாருக்கும் காட்ட வேண்டாம். நானும் கேக்க மாட்டேன். கை ஓடணும், அவ்வளவுதான்.” சரி, ஓடட்டும்.

எதிலிருந்து ஆரம்பிப்பது? நான் ரெஜினா. இருபத்தொன்பது முடிந்தது. ஆறு வருடம் ஜவுளிக்கடையில் மைக் வேலை. ‘வாங்கம்மா வாங்க, முதல் மாடியில் பட்டு, இரண்டாம் மாடியில் சிறுவர் ஆடைகள்.’ கடை திறந்ததிலிருந்து சாத்தும்வரை அதே. ஜூலையில் அதை விட்டுவிட்டு இங்கே சேர்ந்தேன். செய்தி வாசிப்பு, களத்தில் செய்தி சேகரிப்பு, கேமரா, எடிட்டிங் எல்லாம் சொல்லித்தரும் பயிற்சி மையம். நாகல் நகரில் டயர் கடைக்கு மேலே, இரண்டாவது மாடி. ரப்பர் வாடை எங்களோடு படியேறி வரும். பச்சைத் துணி கட்டிய சுவர்தான் ஸ்டுடியோ. ஏ.சி. சொட்டுவதற்கு ஒரு பெயிண்ட் வாளி. வாசிக்கும்போது வாளியில் சத்தம் விழுந்தால் மறுபடி முதலிலிருந்து.

வேலையை விட்டபோது என் வீட்டில் எல்லோரும் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒன்றும் சொல்லாதவர் அருள் மட்டும்தான். கல்யாணமாகி ஐந்து வருடத்தில் நான் அவரை முழுதாக மெச்சிக்கொண்ட நாள் அது. ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் கடை வேலை அவருக்கு. விடியுமுன் போனால் மதியம் வீடு.

இன்று உச்சரிப்பு வகுப்பு. என்னை எழுப்பி நிறுத்தினார் சார். மழை. கிழக்கு. வாழைப்பழம். எனக்கு மளையும் கெளக்கும்தான் வருகிறது. எல்லோரும் சிரித்தார்கள். “திண்டுக்கல்ல நாக்குலேருந்து எறக்கி வாசல்ல வச்சிட்டு உள்ள வாம்மா. போகும்போது எடுத்துக்கலாம்.” நானும் சிரித்தேன். வீட்டில் கண்ணாடி முன் நின்று பழகினேன். பாத்ரூமிலிருந்து அருள்: “யாருகிட்ட பேசுற?”

இந்த மாதம் இறுதித் தேர்வு. ஆளுக்கொரு மூன்று நிமிடச் செய்தித் தொகுப்பு. நன்றாக வருவதைச் சென்னையில் ஒரு சேனலுக்கு சார் அனுப்புவார். அவர் பதினெட்டு வருடம் நிருபராக இருந்த சேனல். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் அங்கேயே வேலை.

தலைப்பு கிடைக்கவில்லை. பூ மார்க்கெட்டை ஏற்கெனவே மூன்று பேர் எடுத்துவிட்டார்கள்.

பால், தேங்காய், குடைக்குக் கம்பி.

அக்டோபர் 7, செவ்வாய்

வெயில். தலைப்பு கிடைத்துவிட்டது. இப்படி எழுதவே கை கூசுகிறது.

வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில். அதன் பெண்கள் விடுதியில் நேற்று சாயங்காலம் ஒரு பெண் மொட்டை மாடியிலிருந்து விழுந்து செத்துப்போனாள். பெயர் நந்தினி. பத்தொன்பது வயது. துணி காயப்போடப் போய்த் தவறி விழுந்ததாக மில் தரப்பு. சார் வகுப்புக்குள் வந்து கைதட்டினார். “ரெஜினா, பாண்டி, கிளம்புங்க. இதான் பரீட்சை.”

பாண்டி கேமரா படிக்கிறான். இங்கே சேர்வதற்கு முன் கல்யாண வீடியோ எடுத்தவன். ஃபோகஸ் தவிர வேறு எதைப் பற்றியும் பேசமாட்டான். அவன் பைக்கில் பெரியாஸ்பத்திரி போனோம்.

பிணவறைக்கு வெளியே நிருபர்கள் கூட்டம். நந்தினியின் அம்மா சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்திருந்தார். நாற்பது, நாற்பத்திரண்டு வயது. முன்னால் பத்து மைக்.

“அம்மா, பொண்ணுக்கு லவ் மேட்டர் ஏதும் இருந்துச்சா?”

“கடைசியா என்ன பேசினாங்கம்மா?”

தலை நிமிரவில்லை. ஒரு வார்த்தை இல்லை. சலித்துப்போய் மற்றவர்கள் டீ குடிக்க நகர்ந்தார்கள். நான் மைக்கைப் பைக்குள் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். 

“அக்கா, காலையிலருந்து வயித்துக்கு ஏதாச்சும் போட்டீங்களா?”

திரும்பிப் பார்த்தார். “எந்தூரு தாயி நீ?”

“ரெட்டியார்சத்திரம் பக்கம். வெஞ்சனத்துக்குக் கத்தரிக்கா, விக்கிறதுக்கு மல்லி, எங்கய்யா வெள்ளாம அம்புட்டுத்தான்.”

“பேச்சுலயே தெரியுது.”

டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்தார். பிறகு அவராகவே பேசினார். பெயர் பஞ்சவர்ணம். வீட்டுக்காரர் இறந்து வெகுநாளாயிற்று. இரண்டு பெண்கள். இரண்டு பேருமே அதே மில்லில், அதே விடுதியில். மூத்தவள்தான் நந்தினி. சின்னவள் சுகன்யா, பதினேழு வயது.

“மூணு நாளாக் காய்ச்சல் அவளுக்கு. வீட்டுக்கு அனுப்புங்கன்னு கேட்டுருக்கா. தீபாவளி ஆர்டரு ஓடுது, இப்ப லீவு இல்லைன்னுட்டாங்களாம். காய்ச்சலோட நைட்டு ஷிப்டு பாக்க விட்டுருக்காங்க. நான் யார்ட்டயும் சொல்லல, ஒன்ட்டதான் சொல்லுறேன்.”

“இத கேமராவுல சொல்லுவீங்களா அக்கா?”

பிணவறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். “நாளைக்கு வீட்டுக்கு வா. எம் மூஞ்சி வரக்கூடாது. சின்னவ இன்னும் அங்கதான் கெடக்கா.”

சாரிடம் போனில் சொன்னேன். “யார்ட்டயும் பேசாத அம்மா உன்கிட்ட பேசுதா? கெட்டியாப் பிடிச்சுக்க.”

ராத்திரிக்கு ரசம் மட்டும்.

அக்டோபர் 8, புதன்

லேசான தூறல். புழுதி அடங்கக்கூட இல்லை.

பஞ்சவர்ணம் அக்கா வீடு. காலனி வீடு, ஒரே அறை. சுற்றிலும் முருங்கைத் தோட்டம், அதற்கப்பால் வெறும் பொட்டல். அடக்கம் நேற்றே முடிந்துவிட்டது. சுகன்யாவை மில் வண்டியிலேயே கூட்டிவந்து, மண் போட்டதும் மில் வண்டியிலேயே கூட்டிப்போய்விட்டார்களாம். போலீஸ் விசாரணைக்கு அவள் அங்கே இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். விசாரணைக்கு எதற்கு விடுதியில் இருக்க வேண்டும்? கேட்க அங்கே யாரும் இல்லை.

பாண்டி கேமராவை அக்காவின் முதுகுக்குப் பின்னால் வைத்தான். கைகளும் சேலைத் தலைப்பும் மட்டும் தெரியும்.

“மூஞ்சி வராதுல்ல?”

“முகம் வராது அக்கா.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

நன்றாகப் பேசினார். அழவில்லை. காய்ச்சல், லீவு கேட்டது, ஷிப்டு எல்லாம். “அன்னிக்குச் சாயங்காலம் போன் வந்துருக்கு. நான் முருங்கக்கா பறிக்கப் போயிட்டேன். போனு வீட்ல சார்ஜுல கெடந்துச்சு. வந்து பாத்துட்டுத் திருப்பிப் போட்டா, எடுக்க ஆளில்ல.”

அப்போது வெளியே தெருவில் ஏதோ ஒரு பெண் பிள்ளை தன் அம்மாவைக் கூப்பிட்டது. “யம்மோவ்!” அவ்வளவுதான். அக்கா சட்டென்று திரும்பினார். கேமராவுக்கு நேராக. வாசலைப் பார்த்தார். வந்தது தன் பிள்ளை இல்லை என்று மனசுக்கு எட்ட ஒரு கணம் ஆயிற்று. அந்த ஒரு கணமும் முகத்தில் நடந்தது. பிறகு மறுபடி திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

வெளியே வந்ததும் பாண்டியிடம், “கேமராவ நிப்பாட்டுனியா?”

“இல்லக்கா. எடிட்டுல தூக்கிரலாம்.”

பைக்கை எடுத்தான். ஏறி உட்கார்ந்தேன்.

அக்டோபர் 9, வியாழன்

நாள் பூராவும் எடிட்டிங். வெயிலா மழையா தெரியாது.

அந்த இடம் வந்ததும் சார் நிறுத்தச் சொன்னார். மறுபடி போட்டார். மறுபடி.

“இதான் ஸ்டோரி. மத்ததெல்லாம் தகவல்.”

“சார், முகம் வராதுன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்.”

“யாரும்மா இல்லேன்னது? மங்கலாக்கினா அந்தப் பார்வை செத்துப்போகும். அதைச் சொல்றேன்.”

“அந்தப் பிள்ள இன்னும் விடுதிக்குள்ள இருக்கு சார்.”

என்னையே பார்த்தார். “சரி, மங்கலாக்கிடு.”

பாண்டி முகத்தை மங்கலாக்கி மறைத்தான். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு நொடியாகப் பார்த்தேன். ஒரு இடத்தில் காது தெரிந்தது, அதையும் மறைக்கச் சொன்னேன். பிறகு குரல் பதிவு. மூன்றாவது தடவையில் சார் கட்டைவிரல் காட்டினார். ‘மகளின் அழைப்பை எடுக்க முடியாமல் போன ஒரு தாய்.’ எழுதியது நான்தான். வாசிக்கும்போது நன்றாக இருப்பதாகத் தோன்றியது. அதையும் எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 10, வெள்ளி

மதியம் மழை. நல்ல மழை.

காலை எட்டரைக்கு அருள் மார்க்கெட்டிலிருந்து போன். “ஏ ரெஜினா, டிவியில ஓம் பேரு!” பின்னாலேயே வீடியோ அனுப்பினார்.

முகம் இருந்தது.

மறைக்காத முகம். திரும்புகிற இடத்தை மெதுவாக்கியிருந்தார்கள். புல்லாங்குழல் போட்டிருந்தார்கள். திரும்பி, வாசலைப் பார்த்து, அப்படியே நிற்கிறது. அதன்மேல் என் குரல். கீழே என் பெயர்.

ஓடினேன். செருப்பு மாற்றிப் போட்டது படியேறும்போதுதான் தெரிந்தது. மையத்தில் மிக்சர், மைசூர்பாகு. எல்லோரும் கைதட்டினார்கள். சார் கண் கலங்கியிருந்தது.

“சார், மறைச்சுத்தான கொடுத்தோம்?”

“அவங்க எடிட் பண்ணாத ஒரிஜினல் கேட்டாங்கம்மா. சேனல் கேட்டா கொடுக்கிறதுதான் வழக்கம். மறைக்கச் சொல்லி மெசேஜ் போட்டேன்.”

“போட்டீங்களா?”

“போட்டேம்மா. பாக்கல போல.” பிறகு என் தோளைத் தட்டினார். “ஒண்ணாந்தேதி சென்னையில சேரச் சொல்லிட்டாங்க. நீ நிருபர்.”

யாரோ வாயில் மைசூர்பாகைத் திணித்தார்கள். விழுங்கினேன்.

பாண்டி மூலையில் நின்றான். ஒரிஜினலைக் கொடுத்தது அவன்தான். சார் கேட்டார், கொடுத்தான். என் கண்ணைப் பார்க்கவில்லை.

பஞ்சவர்ணம் அக்கா என் போனை எடுக்கவில்லை.

அக்டோபர் 11, சனி

மூடாக்கு வானம். அக்கா இன்னும் போனை எடுக்கவில்லை.

அருள் இரண்டு கிலோ மட்டன் வாங்கி வந்தார். கமிஷன் கடையில் எல்லோரும் பார்த்தார்களாம். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பையை அப்படியே கீழே வைத்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

யோசித்துவிட்டுக் கேட்டார்: “சரி, அந்தம்மா சொன்னது பொய்யா?”

“இல்ல.”

“நீ காட்டச் சொன்னியா?”

“இல்ல.”

“அப்புறம் எதுக்கு இம்புட்டுக் கவல? ஊரே அந்தம்மாவுக்காக அழுகுது. நல்லதுதான நடந்துருக்கு.”

அவர் கேட்டது தப்பில்லை. ஆனால் ஊர் அழுவதை வைத்து அந்தப் பிள்ளையை வெளியே கொண்டுவர முடியுமா?

சேனலுக்கு நானே போன் போட்டேன். மெயில் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். தானாக ஒரு நன்றி வந்தது.

ஜவுளிக்கடை மேனேஜர் போன்: “டிவிக்காரம்மா ஆயிட்ட, இனி எங்க வரப்போற. தீபாவளிக் கூட்டம் தாங்கல, யாராச்சும் மைக் புடிக்கிற ஆள் இருந்தா சொல்லும்மா.”

அக்டோபர் 12, ஞாயிறு

சர்ச் பூசைக்குப் போகவில்லை. வேடசந்தூர் பஸ். அங்கிருந்து ஷேர் ஆட்டோ. காலனிவரை நடை.

கதவு பாதி சாத்தியிருந்தது. அக்கா உள்ளே முருங்கைக்காய்களைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி கட்டினார்.

“எதுக்கு வந்த?”

“நாங்க மறைச்சுத்தான் குடுத்தோம் அக்கா. சென்னையில...”

“எனக்குச் சென்னையெல்லாம் தெரியாது.” கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தார். “அங்கன பத்துப் பேரு மைக்க நீட்டுனாங்க. ஒருத்தன்ட்டயாச்சும் வாயத் தொறந்தனா? ஒம் பேச்சு எங்க வீட்டுப் பேச்சா இருந்துச்சு. அதத்தான் நம்புனேன்.”

நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொல்லவில்லை.

கொஞ்சம் கழித்துச் சொன்னார். வெள்ளிக்கிழமையே மில்லிலிருந்து இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். நந்தினிக்குக் காய்ச்சலே இல்லை, யாரோ ஒரு பையனுடன் பழக்கம் இருந்தது, அதனால் குதித்துவிட்டாள் என்று அக்காவே ஒரு வீடியோவில் பேச வேண்டுமாம். பேசினால் சுகன்யாவை அனுப்புவார்களாம். அக்கா மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து சுகன்யாவிடமிருந்து போன் இல்லை. விடுதிக்குப் போட்டால் ஷிப்டில் இருக்கிறாள் என்கிறார்கள். சனிக்கிழமை இவரே கேட்டுக்குப் போயிருக்கிறார். ‘டிவிக்காரம்மாவா, போ போ’ என்று விரட்டியிருக்கிறார்கள்.

“மூஞ்சி தெரியாட்டி எவளோ சொன்னான்னு போயிருப்பான். இப்ப எம் மூஞ்சியப் பாத்துல்ல பிள்ளையப் புடிச்சு வச்சிருக்கான்.”

“நாளைக்கு நான் வாரேன் அக்கா. பிள்ளையக் கூட்டி வருவோம்.”

“கேமராவா?”

“இல்ல. வெறுங்கையோட வாரேன். வயசுக்கு அத்தாட்சியாப் பள்ளிக்கூடச் சான்றிதழ எடுத்து வைங்க.”

வரச் சொல்லவும் இல்லை, வராதே என்று சொல்லவும் இல்லை. திரும்பி நடக்கும்போது நாய் ஒன்று ரோடுவரை துரத்தியது.

அக்டோபர் 13, திங்கள்

காலையிலேயே வெயில் கொளுத்தியது.

காலனிக்குப் போய்க் கூப்பிட்டதும் சுகன்யாவின் பள்ளிக்கூடச் சான்றிதழை எடுத்துக்கொண்டு அக்கா வந்தார். வந்தார்! கலெக்டர் அலுவலக வளாகத்தில் குழந்தைகள் பாதுகாப்புப் பிரிவு. வயது பதினேழு, நைட் ஷிப்டு பார்க்கிறாள், வீட்டுக்கு அனுப்ப மறுக்கிறார்கள் என்று எழுதிக் கொடுத்தோம். அங்கே அலுவலரான ஒரு அம்மா, கண்ணாடி போட்டவர், பேசாமல் வாசித்தார். “டிவியில வந்த அம்மாவா நீங்க?” அக்கா தலையை ஆட்டினார். “உக்காருங்க” என்று சொல்லி அவரே ஜீப்புக்குச் சொன்னார். முகம் தெரிந்ததால் நடந்த ஒரே நல்லது இது. அருளிடம் சொல்ல வேண்டும். இல்லை, சொல்ல வேண்டாம்.

மில் கேட்டில் முதலில் சுகன்யா என்று யாரும் இல்லை என்றார்கள். பிறகு, அவளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது என்றார்கள். சான்றிதழைக் காட்டியதும் போன் மேல் போன். செத்த நேரம் இருங்க, செத்த நேரம் இருங்க என்று வெயிலில் நிற்கவைத்தே மதியமாக்கிவிட்டார்கள். அலுவலர் அம்மா நகரவில்லை. கடைசியில் சின்னக் கதவு திறந்தது.

ஒல்லியான பிள்ளை. தலைமுடியெல்லாம் பஞ்சு. கையில் ஒரு கட்டைப்பை. அம்மாவைப் பார்த்ததும் ஓடிவரவில்லை. கதவை ஒட்டியே நின்றது.

“ஏ பிள்ள, வாடி” என்று அக்கா கூப்பிட்டார்.

“நீ டிவிக்காரங்ககிட்ட காசு வாங்கிட்டியாமே?”

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் முன்னால் போய், “அவங்க ஒண்ணும் வாங்கல பாப்பா. முகத்தக் காட்டச் சொல்லவும் இல்ல. தப்பு எங்க பக்கம்” என்றேன். என்னை யார் என்று அவளுக்குத் தெரியாது. ஆனாலும் அதன் பிறகு வந்து அம்மாவின் கையைப் பிடித்துத் தூக்கினாள்.

ஜீப்பில் வரும்போது அலுவலர் அம்மா மெதுவாகக் கேட்டார். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“போனையெல்லாம் வார்டன் அக்கா வாங்கி வச்சிக்கிருவாங்க. சாயங்காலம் செத்த நேரம் தருவாங்க. ரூமுக்குள்ள டவர் கெடைக்காது. மொட்ட மாடிக்குத்தான் போகணும். அன்னிக்கு அக்காவுக்குக் கண்ணே முழிக்க முடியல. படுத்திரு, நான் பேசிட்டு வாரேன்னேன். அம்மா கொரலக் கேட்டாத் தேவலன்னு அதுவே எந்திரிச்சுப் போச்சு. செவரு குட்டச் செவரு. ரிங்கு போகுது, எடுக்க மாட்டேங்குதுன்னு மேலருந்து என்கிட்ட சொல்லுச்சு. அப்புறம்...”

அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். டிரைவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

துணி காயப்போடவும் இல்லை. எந்தப் பையனும் இல்லை. அம்மாவுடன் பேசப் போயிருக்கிறாள்.

நான் எழுதிய அந்த வரி. ‘மகளின் அழைப்பை எடுக்க முடியாமல் போன ஒரு தாய்.’ புல்லாங்குழலோடு.

இதற்குமேல் இன்று முடியாது.

அக்டோபர் 14, செவ்வாய்

மழை. மையத்தின் படிகளில் தண்ணீர்.

சார் கூப்பிட்டு அனுப்பினார். எப்படித் தெரிந்ததோ, சுகன்யா வெளியே வந்தது தெரிந்திருக்கிறது. “சேனல்ல ரெண்டாவது பாகம் கேக்குறாங்க. தங்கச்சி வாக்குமூலம். நேர்ல பாத்த சாட்சி. ரெஜினா, இது மட்டும் கெடச்சா...”

“அது மைனர் சார்.”

“முகத்தை மறைச்சுடலாம்.”

சொன்னபிறகுதான் அவருக்கே கேட்டிருக்க வேண்டும். நாற்காலியில் சாய்ந்து கண்ணாடியைக் கழற்றினார்.

“அந்தப் படத்தை எடுக்கச் சொல்லுங்க சார். அவங்க முகத்தோட இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. மில்லுக்காரங்க அதை வச்சுத்தான் அவங்களை மிரட்டுறாங்க.”

வாளியில் சொட்டுவது மட்டும் கேட்டது. பிறகு: “அங்கேருந்து வெளிய வந்து நாலு வருஷமாச்சு. ஆள்குறைப்புன்னு ஒரே நாள்ல அனுப்பிட்டாங்க. பொங்கலுக்கு வாழ்த்து அனுப்பினா பார்ப்பாங்க, பதில் வராது. போன வெள்ளிக்கிழமை அவங்களா கூப்பிட்டாங்கம்மா. ‘குமரேசன், பிரமாதம்’னாங்க.” கண்ணாடியைத் துடைத்தார். “நான் மெசேஜே போடல. மறைக்கச் சொல்லி. போட்டேன்னு சொன்னது பொய்.”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தெரிந்துதானே இருந்தது.

“இப்பக் கூப்பிடுங்க சார்.”

கூப்பிட்டார். எனக்குக் கேட்கும்படி வைத்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. இரண்டாவது தடவை. எடுக்கவில்லை. மூன்றாவது தடவை அந்தப் பக்கத்திலேயே துண்டித்தார்கள். போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். உடனே அதில் ஒரு செய்தி வந்தது. திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே காட்டினார். ‘மீட்டிங். தங்கச்சி பேட்டி எப்ப வரும்?’

“ஒண்ணாந்தேதி சென்னை போறியா ரெஜினா?”

“இல்ல சார்.”

“சரி.” அவ்வளவுதான். அடையாள அட்டையை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். படியில் நின்று பாண்டி, “நானும் வாரேன்க்கா” என்றான். எங்கே என்று கேட்டேன். தெரியவில்லை என்றான்.

அருளிடம் சொன்னேன். தட்டைத் தள்ளி வைத்தார். “எல்லாத்தையும் விட்டுட்டு வந்துட்டா அந்தப் பிள்ளைக்கு என்ன கெடச்சிச்சு?” பிறகு பாத்திரம் கழுவினார். கழுவிய சத்தத்திலேயே கோபம் தெரிந்தது.

அக்டோபர் 16, வியாழன்

கடைக்குப் போன் போட்டேன். தீபாவளி முடியும்வரை வருகிறேன் என்று சொல்லி இன்றே மைக்கைப் பிடித்துவிட்டேன். மேனேஜர் காரணம் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

சுகன்யா போன் செய்தாள். தான் டிவியில் பேச வேண்டுமாம், முகத்தோடு. “அக்கா குதிச்சிச்சுன்னு சொல்றாங்கல்ல. நான் சொல்றேன். நீங்க எடுங்க.” பின்னால் அவள் அம்மா கத்துவது கேட்டது: “ஒருத்தி செத்தது பத்தாதா?”

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். என்னிடம் கேமரா இல்லை. இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை.

“டிவியில வேணாம் சுகன்யா. ஸ்டேஷன்ல சொல்லு. எழுதி வாங்க வைப்போம்.”

“அங்க சொன்னா யாரு கேப்பா?”

“யாரு கேட்டாலும் கேக்காட்டியும் எழுத்துல இருக்கும்.”

அக்டோபர் 17, வெள்ளி

வெயிலும் மழையும் மாறி மாறி.

நான், அக்கா, சுகன்யா, அலுவலர் அம்மா. கேமரா இல்லாமல் பாண்டியும். கடையில் இரண்டாவது நாளே அரைநாள் லீவு.

ஸ்டேஷனில் எழுத்தர் எழுதிக்கொண்டே போனார். சுகன்யா சொன்னதைத்தான் எழுதுகிறார் என்று நினைத்தோம். முடித்துவிட்டுத் தாளை அவள் பக்கம் தள்ளினார். “கையெழுத்துப் போடும்மா.” அவள் பேனாவை எடுத்துவிட்டாள்.

“செத்த இருங்க சார், ஒருதடவ வாசிச்சுக் காட்டிர்றேன்.”

“அதெல்லாம் சரியாத்தான் இருக்கும்மா.”

“வாசிச்சுக் காட்டணும் சார், மைனர்” என்று அலுவலர் அம்மா சொன்னார்.

தாளை வாங்கிச் சத்தமாக வாசித்தேன். ஸ்டேஷனில் இருந்தவர்கள் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். காய்ச்சல் இருந்தது. ஷிப்டு இருந்தது. மாடி இருந்தது. நடுவில் ஒரு வரி: ‘மேற்படி நந்தினி சில காலமாக மன உளைச்சலில் இருந்துவந்தார்.’

“நான் அப்படிச் சொல்லல” என்றாள் சுகன்யா.

“காய்ச்சலா இருந்தா மனசு கஷ்டமாத்தானம்மா இருக்கும்.”

“மனசு இல்ல சார். ஒடம்பு. எங்கக்காவுக்கு ஒடம்பு முடியல.”

எழுத்தர் இன்ஸ்பெக்டர் அறையைப் பார்த்தார். உள்ளே போய்விட்டு வந்தார். வேறு தாள் எடுத்தார். மறுபடி முதலிலிருந்து. இந்தத் தடவை அவர் எழுத எழுத நான் வாசித்தேன். அந்த வரி இல்லை. கையெழுத்துப் போட்டாள். அக்கா கைநாட்டு.

இதனால் என்ன ஆகும்? அலுவலர் அம்மாவே வெளியே வந்து சொன்னார்: “பெருசா எதிர்பாக்காதீங்க. தவறி விழுந்ததாத்தான் முடிப்பாங்க. ஆனா குதிச்சதா எழுத முடியாது.” அவ்வளவுதான் கிடைத்தது. செத்துப்போன பிள்ளைமேல் ஒரு பொய் ஏறாமல் தடுத்திருக்கிறோம். விழுந்த பிள்ளை விழுந்ததுதான்.

வேடசந்தூர் பஸ் ஸ்டாண்டு. சுகன்யா ஒட்டன்சத்திரம் பக்கம் சித்தி வீட்டில் கொஞ்ச நாள் இருக்கப் போகிறாள். தாயும் மகளும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். நான் ஜன்னலுக்குக் கீழே நின்றேன். காலையிலிருந்து அக்கா என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. வண்டி கிளம்பும்போது குனிந்தார்.

“அந்தப் படத்த அழிக்க முடியுமா, முடியாதா? அத மட்டும் சொல்லு.”

எத்தனையோ பேர் எடுத்து எங்கெங்கேயோ போட்டுவிட்டார்கள். நேற்றுகூட யாரோ பாட்டுப் போட்டு அனுப்பியிருந்தார்கள்.

“முடியாது அக்கா.”

“சரி” என்று சொல்லிவிட்டு நிமிர்ந்துகொண்டார். சேலைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். பஸ் போய்விட்டது.